குடிய விடணும், மீட்டிங் போகத்தான் தயக்கம்

கேள்வி: டாக்டர், பல வருஷமா குடி, இப்ப தினமும். காலைல கை நடுங்குது, கொஞ்சம் உள்ள போனாதான் நிக்குது. ஃப்ரெண்ட் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கற குழு) மீட்டிங் போகச் சொல்றார். எல்லார் முன்னாடியும் என் கதைய சொல்லணுமா? தெரிஞ்சவங்க பாத்துட்டா?

பதில்: தாராளமா போங்க. ஆனா நீங்க போற போக்குல சொன்ன அந்த கை நடுக்கம்தான் எனக்கு உறுத்துது. குடிச்சா நடுக்கம் நிக்குதுன்னா உடம்பு ஆல்கஹாலுக்கு நல்லா பழகிடுச்சு, இந்த நிலமைல மீட்டிங்ல கேட்டுட்டு வந்த வேகத்துல "இன்னிக்கோட சரி"ன்னு பட்டுனு நிறுத்தினா முதல் 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம், 2லேர்ந்து 4 நாளுக்குள்ள ஆள் குழம்பிப்போய் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், அப்படி ஏதாவது ஆச்சுன்னா உடனே எமர்ஜென்சிக்கு ஓடணும், உயிருக்கே ஆபத்து. அதனால இந்த வாரமே ஒரு டாக்டர பாருங்க, அதுவரைக்கும் திடீர்னு நிறுத்தாதீங்க. எவ்ளோ குடிக்கிறீங்கன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க (பாதி பேர் குறைச்சுதான் சொல்வாங்க, எங்களுக்கும் அது தெரியும்). கொஞ்ச நாள் மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1), தேவைப்பட்டா அட்மிஷன். இது முடிஞ்சாதான் மீட்டிங்னு இல்ல, ரெண்டும் சேந்தே நடக்கலாம்.

அங்க பேசியே ஆகணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க முறை வரும்போது "இன்னிக்கு கேக்கத்தான் வந்தேன்"னா போதும், அடுத்தவர் ஆரம்பிச்சுடுவார். முழுப்பேர் வேணாம், ஃபீஸ் இல்ல, உண்டியல் மாதிரி ஒண்ணு சுத்தி வரும், புதுசா வந்தவங்க போடணும்னு எதிர்பாக்க மாட்டாங்க. குடிய விடணும்ங்கற ஆசை இருக்கா, அவ்ளோதான் கண்டிஷன். தெரிஞ்சவர் யாராவது இருந்தா? அவரும் அதே பிரச்சனையோடதானே வந்திருக்கார், இங்க பாத்தத வெளிய சொல்லக்கூடாதுங்கறது ரெண்டு பேருக்கும்தான். அப்பவும் கூச்சமா இருந்தா ஆன்லைன் மீட்டிங் இருக்கு.

இதெல்லாம் வெறும் பேச்சுதானேன்னு நினைக்காதீங்க. 1935ல இத ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரே குடியில சிக்கின சர்ஜன்தான். 2020ல காக்ரேன்ங்கற, மருத்துவ ஆய்வுகள அலசிப் பாக்குற அமைப்போட ஆய்வுத் தொகுப்பும், ஏ.ஏ.ல முறையா சேத்துவிடுற சிகிச்சை, குடிய முழுசா விடுறதுல மத்த கவுன்சிலிங்குக்கு சளைச்சதில்ல, சில நேரம் அதவிட மேலன்னுதான் சொல்லுது. கடவுள் பேச்சு கொஞ்சம் வரும், சிலருக்கு அது ஒட்டாது, முதல் குரூப் பிடிக்கலன்னா வேற குரூப் பாருங்க. அங்க யாராவது "மாத்திரையெல்லாம் எதுக்கு, தூக்கிப் போடு"ன்னா மட்டும் காதுல வாங்காதீங்க, மருந்து விஷயத்துல மெம்பர்ஸ் தலையிடக்கூடாதுன்னு ஏ.ஏ.வே சொல்லுது.

போற அன்னிக்கு குடிச்சிருந்தாலும் போகலாம், அமைதியா உக்காந்து கேளுங்க, வண்டி மட்டும் ஓட்டாதீங்க, அந்த ஃப்ரெண்டையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.