வெள்ளைபடுதலுக்கு இனம் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பெண்களை விடக் கறுப்பினப் பெண்களுக்குப் பிறப்புறுப்புத் தொற்று கூடுதலாமே. திருகோணமலையில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று சனமும் இருக்கிறோம். எங்களுக்குள்ளும் அப்படி வித்தியாசம் இருக்குமா? எனக்கு அடிக்கடி வெள்ளைபடுகிறது. சுத்தம் பத்தாது என்கிறா மாமி.
- வாசகி, உப்புவெளி

பதில்: சகோதரி, முதலில் மாமியின் பேச்சு. சுத்தக்குறைவால் இது வருவதில்லை. உள்ளே தண்ணீர் பாய்ச்சிக் கழுவுகிற பெண்களிடம்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. யோனிக்குள் லாக்டோபசில்லஸ் என்ற பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, முட்டித் தயிரைப் புளிக்க வைப்பவற்றின் உறவுக்காரர்கள். இவை அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கும்வரை மற்றக் கிருமிகள் தலையெடுப்பது கஷ்டம். சவர்க்காரத்தையும் கிருமிநாசினியையும் உள்ளே விட்டால் காவல்காரனைத்தான் முதலில் துரத்துகிறீர்கள்.

சரி, இனத்துக்கு வருவோம். நீங்கள் வாசித்தது பொய்யில்லை. 2011இல் ஜாக் ராவெல் குழுவினர் வட அமெரிக்கப் பெண்கள் 396 பேரை ஆராய்ந்தபோது, லாக்டோபசில்லஸ் மேலோங்கியிருந்தவர்கள் வெள்ளையரில் 89.7 சதவீதம், ஆசியரில் 80.2, கறுப்பினத்தவரில் 61.9, ஹிஸ்பானியரில் (ஸ்பானிய மொழி வழிவந்தவர்கள்) 59.6. ஆனால் அந்த 396 பேருக்கும் வருத்தக் குறி எதுவும் இருக்கவில்லை! அப்படியிருக்க, லாக்டோபசில்லஸ் குறைந்தவளையெல்லாம் நோயாளி என்று எப்படிச் சொல்வது? கழுவும் பழக்கம், புகைத்தல், வறுமை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன, அவற்றைக் கழித்தாலும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சுகிறதுதான், ஆனால் அதற்கு இரத்தம்தான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. அமெரிக்காவில் வாழும் ‘ஆசியர்’ கணக்கை வைத்துக்கொண்டு தம்பலகாமத்துப் பெண்ணையும் கிண்ணியாப் பெண்ணையும் சேருவிலப் பெண்ணையும் தராசில் நிறுக்காதீர்கள். அந்த அளவுகோலால் ஒரு சனத்தை ஊத்தை என்று சொல்லவும் ஆட்கள் வருவார்கள், எனக்குப் பயம் அதுதான்.

போன மாதம் ஒரு பாமசியில் நின்றேன். ஒரு பிள்ளை கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு, குனிந்தபடி, ‘வெள்ளைக்கு’ என்று மட்டும் சொன்னாள். ஒன்றும் கேட்காமல் பங்கசுக் குளிசை ஒன்றை வெட்டிக் கொடுத்தார்கள். மனம் பதறியது. திரைந்த தயிர்போல வந்து கடித்தால் அநேகமாகப் பங்கசு, சீனி வருத்தக்காரருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அன்டிபயோடிக் குடித்தவர்களுக்கும் அது லேசில் வரும். சாம்பல் நிறத்தில் தண்ணியாக, மீன் மணத்தோடு போனால் அது பக்டீரியாக்களின் சமநிலை குழம்பியது, அதற்கு மெட்ரோனிடசோல் போன்ற வேறு மருந்து, பங்கசுக் குளிசை தொடவே தொடாது. உடலுறவால் தொற்றும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி என்றால் கணவரும் சேர்ந்து மருந்து குடிக்க வேண்டும். மூன்றும் கலந்தும் வரும், கண்ணால் பார்த்துப் பிரிப்பது வைத்தியருக்கே கஷ்டம். இதில் கர்ப்பிணிகள் அசட்டையாக இருக்கவே கூடாது, பக்டீரியாக் குழப்பம் குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புடையது.

ஆகவே அடிக்கடி படுகிறது என்றால் குளிசை தேடாமல் கிளினிக்குக்குப் போய், பஞ்சுக்குச்சியில் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் முதலில் வாய் திறவுங்கள், அவ கேட்காத கதையில்லை.

அப்புறம், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைய இந்த நல்ல பக்டீரியாக்களும் குறையும், எரிவும் வறட்சியும் வரும், எந்தச் சனமானாலும். மாமிக்கும் அப்படி ஏதும் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.