வீட்டிலேயே படிக்கட்டும் என்றால் அரசு விடுமா?

மகளை நான்காம் வகுப்போடு நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். "கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவாங்க" என்று மாமனார் பயமுறுத்துகிறார். உண்மையா?

மாமனார் சொல்வது பாதி சரி. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 2012-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், வீட்டுக்கல்வியை விரும்பித் தேர்ந்தவர்கள் தொடரலாம் என்று மத்திய அரசே பிரமாணப் பத்திரம் போட்டது. அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிடாதீர்கள். பிரமாணப் பத்திரம் சட்டமாகிவிடாது. இப்போதைக்கு நீங்கள் நிற்பது, சட்டம் வாய் திறக்காத ஓர் இடத்தில்.

இரண்டு டீச்சர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். "எங்க பிள்ளை, எங்க இஷ்டம்" என்று அனுப்பிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. டி.சி. வாங்கியதும் பிள்ளையின் பெயர், தமிழக அரசின் மாணவர் பதிவேடான எமிஸில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான 'காமன் பூலு'க்குப் போய்விடும். வேறு பள்ளி எதுவும் எடுத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே கிடக்கும். ஆள் தேடி வருவார்கள். செங்கல் சூளைக்குப் போன பிள்ளையும், பதினாலு வயதில் கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணும், வீட்டில் வயலின் கற்கும் உங்கள் பிள்ளையும் அந்தப் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நேரில் வந்து பார்க்காமல் எப்படிப் பிரிப்பது?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பத்து வயதுப் பையன் வந்த டீச்சரைக் கொல்லைக் கிணற்றுக்கே கூட்டிப்போய்விட்டான். மாதாமாதம் கயிறு விட்டு அளந்த நீர்மட்டத்தைப் பழைய நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தான். டீச்சர் டீ குடித்துவிட்டு, "பத்தாவது மட்டும் எழுத வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தால் பிள்ளையைப் பேசவிடுங்கள். அப்புறம் அந்த 'இஷ்டம்': அரசியல் சட்டத்தின் 21-ஏ பிரிவில் கல்வி குழந்தையின் உரிமை. உங்களுடையது என்று எழுதியிருக்கவில்லை.

பத்தாவது எப்படி எழுதுவது?

ஓபன் ஸ்கூல் என்றால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி; 14 வயது நிரம்பியிருந்தால் பதியலாம், 5 பாடம், ஆண்டுக்கு 2 முறை பொதுத்தேர்வு. மாநிலப் பாடத்திட்டம் வேண்டுமென்றால் முதலில் 12½ வயதில் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு, பிறகு பத்தாவது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கல்விக்குக் கட்டுக்கட்டாகப் படிவம் நிரப்பினாள். இங்கேயும் அப்படி வந்துவிட்டால் சுதந்திரம் என்னாவது?

அங்கே 2003 முதல் கட்டாயக் கல்வி. கல்வி அமைச்சகத்திடம் விலக்கு வாங்கவேண்டும், தொடக்கப்பள்ளி முடிவில் வரும் பி.எஸ்.எல்.ஈ. தேர்வையும் பிள்ளை எழுதவேண்டும். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கே வழியில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்திடமிருந்து அவர்களை மூன்று வாரம் பிரித்து வைத்தது தவறில்லை என்று 2019-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. மறுபக்கம், அமெரிக்காவின் டெக்சாஸில் அரசுக்கு ஒரு தகவல்கூடத் தரவேண்டாம். நியூயார்க்கில் பாடத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் தரவேண்டும்.

நான் நியூயார்க் பக்கம், அதிலும் பாதி போதும் என்பேன். ஒரு பதிவு, வருடத்துக்கு ஒருமுறை பிள்ளையோடு அரைமணி நேரப் பேச்சு. என்ன பாடம், எந்த மொழி என்பதில் கைவைக்கக் கூடாது. பதிந்தால் தொல்லை என்று நம் பெற்றோர் ஒளிந்தே இருக்கிறார்கள்; அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் இன்று உங்கள் சுதந்திரம், வாசலில் நிற்பவரின் மனசைப் பொறுத்திருக்கிறது. கிணறு பார்த்த டீச்சரே எல்லார் வீட்டுக்கும் வரப்போவதில்லை.

எங்களால் முடியவில்லை. மறுபடி பள்ளியில் சேர்க்கலாமா?

தாராளமாக. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்ப்பார்கள். டி.சி. கையில் இல்லையே என்று அரசுப் பள்ளியில் தள்ளிப்போட முடியாது. இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு நடை மிச்சம்.