பாரோங் போட்டால் இன் பண்ணாதீர்கள்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜூன் 12 சுதந்திர தின விழா அழைப்பிதழில் ‘ஃபிலிப்பினியானா உடை’, அதாவது அந்த நாட்டு மரபு உடை, என்று போட்டிருக்கிறார்கள், வேட்டி சட்டையும் வீட்டில் அவர்களுக்குப் பட்டுப்புடவையும் போதுமா என்பது ஒன்று. சாப்பிட உட்கார்ந்தால் குத்துச்சண்டை, பாட்டு, அழகிப் போட்டி என்று எதைப் பேசினாலும் ‘பினோய் பெருமை’யில், அதாவது ஃபிலிப்பினோ என்ற பெருமையில், வந்து முடிகிறதே, நான் என்ன சொல்வது என்பது இன்னொன்று.

வேட்டியில் போனால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் அன்றைக்கு விழா அவர்களுடையது. அழைப்பில் ‘ஃபார்மல்’ என்று மட்டும் இருந்தால் வேட்டியும் பட்டும் தாராளமாகப் போதும். ‘ஃபிலிப்பினியானா’ என்று எழுதியிருந்தால் பாரோங் தகாலோக் என்ற மெல்லிய, வேலைப்பாடு செய்த ஆண்கள் சட்டையைப் போடுவதுதான் மரியாதை. வெளிநாட்டுக்காரன் போடலாமா என்ற கூச்சம் வேண்டாம். 1996-இல் சூபிக்கிலும் 2015-இல் மணிலாவிலும் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டுக்கு வந்த தலைவர்களுக்கே பாரோங்தான் கொடுத்தார்கள். பதவியேற்புக்கு முதலில் பாரோங் போட்ட ஜனாதிபதி ரமோன் மகசேசே, 1953-இல். எம்.எஸ். சுப்புலட்சுமி 1974-இல் வாங்கிய விருது இவர் பெயரில் உள்ளதுதான்.

முதலில் துணி. விலையைத் தீர்மானிப்பது அதுதான். உச்சியில் இருப்பது பினியா, அன்னாசி இலை நாரில் கைத்தறியில் நெய்தது. அக்லான் மாகாணத்தின் காலிபோ பக்கத்தில் ‘ரெட் ஸ்பானிஷ்’ என்ற அன்னாசி வகையின் இலையை எடுத்து, உடைந்த பீங்கான் தட்டின் ஓரத்தால் சுரண்டுவார்கள். முதலில் ‘பாஸ்தோஸ்’ என்ற முரட்டு நார் வரும். பிறகு தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினால் உள்ளே இருக்கும் ‘லினிவான்’ என்ற மெல்லிய நார் கிடைக்கும். தலைமுடி கனத்தில் இருக்கும் இந்த நாரை அலசிக் காயவைத்து, ஒன்றின் நுனியோடு இன்னொன்றை முடிச்சுப் போட்டு நீட்டித்தான் நூலாக்குகிறார்கள். அதனால் நல்ல பினியாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அங்கங்கே பொடி முடிச்சுகளும், இழைகளில் சின்ன ஏற்ற இறக்கமும் தெரியும். நிறம் தந்தம் போல இருக்கும், பால் வெள்ளையாக இருக்காது. அக்லானின் இந்த நெசவை யுனெஸ்கோ 2023-இல் பட்டியலில் சேர்த்தது.

பினியாவோடு பட்டு கலந்தால் பினியா செடா. அடுத்தது ஹூசி. முன்பு பட்டு இழையில் வந்தது, இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பதில் இயந்திரத்தில் நெய்ததும் பாலியஸ்டர் கலந்ததும் நிறைய. கண்ணாடி மாதிரி ஒரே சீராகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் தொங்கும் ஒரு நூலைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். காகித வாசனையோடு சாம்பலானால் நார். உருகி மணியாக உருண்டால் பாலியஸ்டர். பாலியஸ்டர் வாங்குவதில் தப்பு இல்லை, பினியா விலைக்கு வாங்குவதுதான் தப்பு. முதல் பாரோங்குக்கு ஹூசி போதும் என்பது என் கருத்து. முழுப் பினியாவில் வேலைப்பாடும் சேர்ந்தால் பத்தாயிரக்கணக்கில் பெசோ போகும், முதல் சலவையிலேயே அதைக் கெடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். லினன் துணிக்கு இங்கே ‘குசோட் மயமன்’ என்று பெயர், ‘பணக்காரக் கசங்கல்’ என்று அர்த்தம். அரைக்கை போலோ பாரோங்குக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் அரைக்கை ஆபீஸுக்குத்தான், விழாவுக்கு முழுக்கை.

உங்களுக்கு ஒரு வசதி, நீங்கள் இருப்பது லகுனா மாகாணம். அங்கேயே இருக்கும் லும்பான், பாரோங் எம்பிராய்டரிக்குப் பேர் போன ஊர். சாந்தா குரூஸ் போய் அங்கிருந்து பக்சாங்ஹான் வழியாக வண்டி மாறினால் போதும். பதங்காஸில் தால் ஊரும் இதே தொழிலுக்குப் பெயர் பெற்றது. துணியை ‘பஸ்திடோர்’ என்ற மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிக் கையால் தைக்கிறார்கள். மார்புப் பக்கம் வரும் பட்டையான வேலைப்பாட்டுக்குப் ‘பெச்சேரா’ என்று பெயர். ‘கலாடோ’ என்று சொன்னால் கவனித்துப் பாருங்கள். துணியிலிருந்து சில இழைகளை உருவி எடுத்துவிட்டு, மிச்ச இழைகளைக் கட்டிக் கட்டி ஜன்னல் கம்பி போல ஓட்டைகள் அமைப்பது அது. பின்பக்கம் திருப்பினால் கைவேலை தெரிந்துவிடும். நூல் ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருக்கும். மெஷின் வேலையில் எல்லாப் பூவும் அச்சு அசலாக ஒன்றே.

போடும் விதத்தில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாரோங்கை எக்காரணம் கொண்டும் இன் பண்ணக் கூடாது. பக்கவாட்டில் பிளவு வைத்துத் தைத்திருப்பதே வெளியே விடத்தான். கழுத்துப் பட்டன் வரை போட வேண்டும், டை கிடையாது. துணி ஊடு தெரியும் என்பதால் உள்ளே ‘கமிசா தே சீனோ’ என்ற காலர் இல்லாத வெள்ளைச் சட்டை கட்டாயம். கை இல்லாத பனியன் போட்டால் அதன் வெட்டு அப்படியே வெளியே தெரியும், பார்க்கச் சகிக்காது. கறுப்பு பாண்ட், கறுப்புத் தோல் ஷூ. மரபான பாரோங்கில் பை இருக்காது, போனையும் பர்ஸையும் பாண்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர்கள் ஆயுதம் ஒளிக்காமல் இருக்கத்தான் மெல்லிய சட்டையை வெளியே விடச் சட்டம் போட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆதாரமில்லாத கதை, நீங்களும் அதைப் பரப்ப வேண்டாம்.

இந்தத் துணி இழுத்தால் நீளாது. உடம்போடு ஒட்டித் தைத்தால் முதலில் அக்குளில் கிழியும், அப்புறம் முதுகில். மார்பளவுக்கு மேல் 4 அங்குலமாவது தளர்வு விடச் சொல்லுங்கள். துவைப்பதும் அப்படித்தான்: பச்சைத் தண்ணீரில் மிதமான சோப்பு போட்டு முக்கி எடுங்கள், பிழியாதீர்கள், ப்ளீச் வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள். ஈரம் லேசாக இருக்கும்போதே மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேய்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் மாட்டி வைத்தால் இந்த ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும்.

வீட்டில் அவர்களுக்கு பெண்களின் மரபு உடையான முழு ‘தெர்னோ’ கவுன் தைக்க வேண்டும் என்று இல்லை. பட்டாம்பூச்சிக் கை வைத்த பொலேரோ என்ற குட்டை மேல்சட்டை தனியாகக் கிடைக்கும். ஒரே நிற நீளக் கவுன் மேல் போட்டால் போதும். அந்தக் கை நம் பஃப் கை மாதிரி உப்பி இருக்கக் கூடாது. தட்டையாக, தோளுக்கு மேல் விறைத்து நிற்க வேண்டும். உள்ளே விறைப்புத் துணி கொடுத்திருப்பதால் மடித்தால் மடிப்பு போகாது. காரில் சாய்ந்து உட்கார்ந்தாலே நசுங்கும், கையில் எடுத்துப் போய் மண்டபத்தில் போட்டுக்கொள்வது உத்தமம். புடவைக்கு மேல் பொலேரோ போடும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், முந்தானை விழும் இடத்தில்தான் அந்தக் கை நிற்கும். மின்டனாவ் தீவின் திபோலி மக்கள் அபாகா நாரில் நெய்யும் திநாலாக் போன்ற பழங்குடித் துணிகளை வேஷம் கட்டுவது போலப் போடாதீர்கள், அவர்களுக்கு அதில் நம்பிக்கையும் விலக்கும் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெருமை பேசுவதைக் கேட்டு உள்ளுக்குள் சிரிக்காதீர்கள். பாடகர் ப்ரூனோ மார்ஸின் அம்மா ஃபிலிப்பினோ என்று இவர்கள் சொன்னால், நாம் கமலா ஹாரிஸுக்காகத் துளசேந்திரபுரத்தில் பூஜை போட்டவர்கள்தானே! பொதுவாக ‘சூப்பர்’ என்று சொல்வது பலிக்காது, குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1924-இலிருந்து ஒலிம்பிக் போய்க்கொண்டிருந்த நாட்டுக்கு முதல் தங்கம் 2021 ஜூலை 26-இல்தான் வந்தது. ஸாம்போவாங்கா பெண் ஹிடிலின் டியாஸ் பளுதூக்குதலில் 55 கிலோ பிரிவில் 97, 127 என்று மொத்தம் 224 கிலோ தூக்கினார். 2024 பாரிஸில் கார்லோஸ் யூலோ ஜிம்னாஸ்டிக்ஸில் அடுத்தடுத்த நாளில் இரண்டு தங்கம் எடுத்தார். பாடகி லியா சலோங்கா 1991-இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது வாங்கியவர். பாக்கியாவ் எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர், அவரைக் குத்துச்சண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செனட்டரானவர், 2022-இல் ஜனாதிபதித் தேர்தலிலும் நின்றவர் என்பதால் பேச்சு அரசியலுக்குப் போனால் மேசை இரண்டாகும். மிஸ் யூனிவர்ஸ் பட்டம் நான்கு முறை: 1969, 1973, 2015, 2018. ‘வெறும் அழகிப் போட்டிதானே’ என்ற வாக்கியம் மட்டும் வாயில் வர வேண்டாம். 2018-இல் கட்ரியோனா கிரே போட்ட சிவப்பு கவுன் மயோன் எரிமலைக் குழம்பை நினைத்துச் செய்தது என்று சொன்னீர்களானால், அடுத்த அரைமணி நேரம் நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

பாரோங் போட்ட ஒரு பெரியவரிடம் பேச்சை ஆரம்பிக்க வேண்டுமானால் “புர்தாங் லும்பான் போ பா இதோ?” என்று கேளுங்கள்: இது லும்பான் வேலைப்பாடுங்களா? அந்தப் ‘போ’தான் நம் ‘ங்க’. ‘எங்க ஊரில் இதே மாதிரி சீப்பாகக் கிடைக்கும்’ என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

ஜூனில் தையற்காரர்கள் கை ஓயாது, மூன்று நான்கு வாரம் முன்பே போய்விடுங்கள். போகும்போது அந்த உள்சட்டையையும் வாங்கி எடுத்துப் போங்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும்.