மெட்ரோ வந்ததும் பஸ்கள் காலியாக ஓடுகின்றன: இரண்டையும் எப்படிச் சமன் செய்வது?

நகரத்தைக் கட்டி நடத்தும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற கணினி விளையாட்டில் மெட்ரோ போட்ட பிறகு பஸ்கள் பாதி காலியாக ஓடுகின்றன, மெட்ரோ நிலைய வாசலிலோ நூற்றுக்கணக்கானோர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள், பஸ் தடங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள், நீளத் தடங்களை வெட்டிச் சிறிதாக்குங்கள். காலி பஸ்ஸும் காத்திருக்கும் கூட்டமும் ஒரே நகரத்தில் இருந்தால், மெட்ரோ போகிற இடத்துக்கே பஸ்ஸும் போகிறது, மெட்ரோ இறக்கிவிடும் இடத்திலிருந்து போதிய பஸ் இல்லை என்று பொருள்.

நான் சேலத்துக்காரன். விளையாட்டிலும் இந்த ஊரின் அமைப்பைத்தான் வரைந்து பார்ப்பேன். ஊர்ப்பாசம் ஒருபுறம் இருக்கட்டும், மாறி ஏறும் சிக்கலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கடினம். சேலத்துக்கு வாசல் மூன்று. டவுன் பஸ்கள் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள பழைய பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். வெளியூர் பஸ்கள் மெய்யனூரில் உள்ள புதிய பஸ் நிலையத்துக்கு வரும். ரயிலில் வருகிறவர்கள் பெரும்பாலும் சூரமங்கலம் ஜங்ஷனில் இறங்குவார்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் வீடு போய்ச் சேர இன்னொரு பஸ் ஏறியாக வேண்டும். அதனால்தான் புதிய நிலையத்துக்கும் பழைய நிலையத்துக்கும் நடுவே ஓடும் பஸ்களில் போகும்போதும் கூட்டம், வரும்போதும் கூட்டம்.

உங்கள் முதல் மெட்ரோ தடம் இப்படிப்பட்ட இரண்டு இடங்களை இணைக்க வேண்டும். பலரும் புதிதாக எழுப்பிய குடியிருப்பிலிருந்து அலுவலகப் பகுதிக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, போகும்போது நிரம்புகிறது, திரும்பும்போது காலி என்று புலம்புகிறார்கள். ஆட்கள் ஏற்கெனவே மாறி ஏறுகிற இடங்கள் எவை என்று பஸ் நிறுத்தங்களில் காத்திருப்போர் எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை எங்கே குவிகிறதோ அங்கே தோண்டுங்கள்.

அடுத்தது கணக்கு. ஸ்கைலைன்ஸ் முதல் பாகத்தில் சாதாரண பஸ் ஒன்று 30 பேரை ஏற்றும், மெட்ரோ ரயில் 180 பேரை ஏற்றும். நிரம்பி வந்த ரயில் ஒரே நிலையத்தில் காலியானால் ஆறு பஸ் வேண்டும். பாதிப் பேர் பக்கத்திலேயே நடந்து போய்விட்டார்கள் என்றாலும் மூன்று. அந்த மூன்று பஸ் வருவதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும். இந்த இடத்தில் எல்லோரும் செய்வது, பஸ்களுக்கான பட்ஜெட்டை 150 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவது. அது நகரத்தின் எல்லாத் தடங்களிலும் பஸ்ஸைக் கூட்டும். காலியாக ஓடுகிற தடத்தில் இன்னும் நாலு காலி பஸ் ஓடும். தடத்தைச் சொடுக்கினால் வரும் பலகையில் அந்தத் தடத்துக்கு மட்டும் வண்டிகளைக் கூட்டிக் குறைக்கலாம், அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரே தடத்தில் வண்டிகளைக் குவிப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். ஒரு நிறுத்தத்தைக் கொஞ்ச நேரம் நெருங்கிப் பாருங்கள். முதல் பஸ் 30 பேரை அள்ளிக்கொண்டு கிளம்பும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள். ஏற்றி இறக்கித் தாமதமாகும். பின்னால் வருகிற பஸ் ஏற்ற ஆளில்லாமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். தனியார் டவுன் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் அடுத்தடுத்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு நிலையத்திலிருந்து ஆறு பஸ் ஓடும் ஒரு தடத்துக்குப் பதில் இரண்டிரண்டு பஸ் ஓடும் மூன்று குட்டித் தடங்கள் போடுங்கள். மூன்றுக்கும் தனித்தனி நிறுத்தம் வேண்டும், ஒன்று நிலையத்தின் பின்புறச் சாலையில் இருந்தாலும் பாதகமில்லை. ஒரே நிறுத்தத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினால் பஸ்கள் வரிசை கட்டிச் சாலையே அடைத்துக்கொள்ளும். 2015இல் வந்த ஆஃப்டர் டார்க் விரிவாக்கம் (விளையாட்டுக்கான கூடுதல் தொகுப்பு) உங்களிடம் இருந்தால் பஸ்ஸுக்கென்று தனி வழி உள்ள சாலைகளும் பஸ் நிலையக் கட்டடமும் கிடைக்கும். நிலைய வாசலில் அந்தச் சாலையைப் போடுவது நல்ல முதலீடு.

வெட்டுவது எப்படி? சேலத்தின் கொண்டலாம்பட்டியில் கிளம்பி, பழைய பஸ் நிலையம், அஸ்தம்பட்டி வழியாகக் கன்னங்குறிச்சி வரை ஒரு நீண்ட பஸ் தடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொண்டலாம்பட்டிக்கும் அஸ்தம்பட்டிக்கும் நடுவே மெட்ரோ வந்துவிட்டது. இனி அஸ்தம்பட்டி நிலையத்திலிருந்து கன்னங்குறிச்சிக்கு ஒன்று, கோரிமேட்டுக்கு ஒன்று என்று இணைப்புப் பஸ்கள் போதும். நடுப்பகுதியில் மெட்ரோ நிலையங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தால் அங்கே மட்டும் பழைய தடத்தைக் குறைந்த வண்டிகளோடு விட்டுவையுங்கள். இடையில் குடியிருப்பவர்களும் போக வேண்டுமே. இன்னொன்று: இணைப்புப் பஸ்ஸை ஒருவழி வட்டமாகப் போடாதீர்கள். ஏறும்போது இரண்டு நிறுத்தம்தான் இருக்கும், திரும்பும்போது ஊரையே சுற்ற வேண்டியிருக்கும். போன சாலையிலேயே எதிர்ப்பக்கம் நிறுத்தம் வைத்துத் திருப்புங்கள்.

மெட்ரோவில் கூட்டம் வழிந்தால் சிலர் தாமாகவே பஸ்ஸுக்கு மாறிவிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் ஐந்து ரோடு சந்திப்பில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்றால் சேலத்துக்காரர் ஷேர் ஆட்டோவை நிறுத்துவார். விளையாட்டுக் குடிமகன் அப்படியில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வழியை முடிவு செய்துகொண்டு வருவான். அந்தக் கணக்கில் நடைமேடை வரிசைக்கு இடமில்லை. வேகமான வழி எதுவோ அதற்கே எல்லோரும் போய் நிற்பார்கள். ஆகவே மெட்ரோ நிரம்பி வழிந்தால் அதற்கு இணையாகச் சற்றுத் தள்ளி இன்னொரு தடம்தான் மருந்து. ஸ்கைலைன்ஸை உருவாக்கிய பின்லாந்து நிறுவனமான கொலோசல் ஆர்டர் முன்பு உருவாக்கி, 2011இலும் 2013இலும் வெளிவந்த சிட்டீஸ் இன் மோஷன் விளையாட்டுகள் முழுக்க முழுக்கப் பொதுப் போக்குவரத்தைப் பற்றியவை. அந்த அனுபவம் இருந்தும் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டது எனக்கு இன்னும் வியப்புதான்.

இலவசப் பொதுப் போக்குவரத்துக் கொள்கையைக் கடைசியில் போடுங்கள். 2021 மே மாதம் தமிழகத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது கூட்டம் எப்படி ஏறியது என்று பஸ்ஸில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் விளையாட்டில் வண்டி பற்றாத தடத்தில் அதைச் செய்தால் வரிசை மட்டும்தான் நீளும்.

உங்கள் வரைபடத்தில் மலை இருந்தால் அங்கே மெட்ரோவை மறந்துவிடுங்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போவது பஸ்தான், விளையாட்டிலும் அதுவே சரி. 2017இல் வந்த மாஸ் டிரான்ஸிட் விரிவாக்கம் வைத்திருப்பவர்கள் கேபிள் கார் போட்டுப் பார்க்கலாம்.

தடங்களை வெட்டியவுடன் முடிவுக்கு வராதீர்கள். முன்பே வழி முடிவு செய்து கிளம்பியவர்கள் ஓய்ந்து முடிய நேரமாகும். விளையாட்டுக் காலத்தில் இரண்டு மூன்று மாதம் ஓடவிட்டு நிலைய வாசல் நிறுத்தங்களைப் பாருங்கள். காத்திருப்போர் எண்ணிக்கை இன்னும் நூறுக்குக் கீழே வரவில்லை என்றால் நிலையத்தைச் சுற்றியுள்ள சாலைகளின் படத்தைக் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள், அடுத்த குட்டித் தடத்தை எங்கே விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.