மோல் கணக்கில் கோட்டை விடும் பிள்ளைக்கு

நீட் மாதிரித் தேர்வில் உயிரியலில் 300-ஐத் தாண்டும் மகளுக்கு வேதியியல் மட்டும் 70-லேயே நிற்கிறது, பென்னாகரத்திலிருந்து தினமும் தர்மபுரிக்கு டியூஷன் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பஸ்ஸில் போக வர ஆகும் நேரத்தில் வீட்டிலேயே கணக்குப் போடட்டும்.

முதலில் கடைசி மூன்று மாதிரித் தேர்வுத் தாள்களை எடுங்கள். தவறிய ஒவ்வொரு வேதியியல் கேள்வியையும் அவளே மறுபடி போட்டுப் பார்த்து, ஓரத்தில் ஓர் எழுத்து போடட்டும்: சூத்திரமே தெரியாவிட்டால் 'சூ', அலகில் சறுக்கினால் 'அ', பெருக்கல் வகுத்தலில் பிசகினால் 'பெ', கேள்வியைச் சரியாகப் படிக்காவிட்டால் 'ப'. எது அதிகம் என்று எண்ணிப் பார்க்க உங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் சறுக்குவது எப்படி என்று பாருங்கள். 2.8 கிராம் நைட்ரஜனும் 0.8 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? எடை குறைவாக இருப்பதால் ஹைட்ரஜன்தான் முதலில் தீரும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள், 4.53 கிராம் என்று வரும். அந்த விடையும் நான்கில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கிராமை மோலாக்கினால், அதாவது மூலக்கூறு எடையால் (நைட்ரஜனுக்கு 28, ஹைட்ரஜனுக்கு 2) வகுத்தால், நைட்ரஜன் 0.1, ஹைட்ரஜன் 0.4. ஒரு மோல் நைட்ரஜனுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் வேண்டும் என்பதால் 0.4-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும்: 0.133. 0.1-தான் சிறியது, ஆக நைட்ரஜன்தான் முதலில் தீர்கிறது. அம்மோனியா 0.2 மோல், அதாவது 3.4 கிராம். வகுக்கும் அந்த ஒரு வரியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். தவறினால் 4 மார்க் வராததோடு கையில் இருப்பதிலும் 1 போகும்.

அலகுக்கு நம்ம ஊர்த் தண்ணீரே போதும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வரக் காரணமான ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருந்தால் மோலாரிட்டி (ஒரு லிட்டரில் எத்தனை மோல்) என்ன? 1.5-ஐ ஃபுளோரைடின் மோல் எடையான 19-ஆல் வகுத்து 0.079 என்று எழுதினால் ஆயிரம் மடங்கு தப்பு. மில்லியைக் கிராமாக்கினால் 7.9 × 10⁻⁵. வாயுக் கணக்குகளில் வரும் R என்ற வாயு மாறிலியிலும் இதே வம்புதான்: அழுத்தம் அட்மாஸ்பியரிலும் கனஅளவு லிட்டரிலும் இருந்தால் 0.0821, ஆற்றல் கேட்டால் 8.314, அப்போது கிலோஜூலை ஜூலாக்க வேண்டும்.

நீட்டில் கால்குலேட்டர் கிடையாது. வீட்டிலும் செல்போனைத் தொடாமல் தினமும் 10 கணக்கு, 20 நிமிடம். லாக் 2 = 0.301, லாக் 3 = 0.477 இரண்டும் மனப்பாடமாக இருந்தால் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். கணக்கு பலதும் ஓடிவிடும். தமிழ் வழியில் எழுதுபவள் என்றால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி.

மூன்று வாரம் கழித்து மறுபடி எழுத்துகளை எண்ணுங்கள். அப்போதும் 'சூ'தான் அதிகம் என்றால் டியூஷன் தேடுங்கள். மோல் பாடத்திலிருந்து தொடங்குபவராகப் பாருங்கள்.