வளர்ந்த நாய் சொல் பேச்சு கேட்கவில்லையா? இளையவர்களின் கேள்விகளும் பதில்களும்

எனக்கு 15 வயது. சித்தப்பா வெளிநாடு போனதால் அவருடைய 4 வயது ராஜபாளையம் எங்களிடம் வந்திருக்கிறது. நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அப்பா அதட்டினால் மட்டும் வருகிறது. திமிரா?

முதலில் அதற்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். முழு வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு உண்டு. நாய் அசந்து படுத்திருக்கும்போது பின்பக்கம் 2 மீட்டர் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும். உங்கள் நிழலும் அதன் மேல் விழக் கூடாது. அப்பா எதிரில் நின்று கையை வீசி அதட்டுபவர் என்றால், குரலுக்கு வராமல் கையைப் பார்த்தும் வந்திருக்கலாம். செவிடு என்று தெரிந்தால் கைச்சைகையாலேயே பழக்கலாம், நன்றாகவே கற்கும். ஆனால் வெளியில் கயிறில்லாமல் ஒருபோதும் விடாதீர்கள்.

காது கேட்கிறது என்றால், 'இங்க வா' என்ற அழைப்பு கெட்டுப்போயிருக்கிறது. அப்படிக் கூப்பிட்ட பிறகு குளிப்பாட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கட்டிப்போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு 'ஓடியா' மாதிரி அது இதுவரை கேட்காத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 3 நாள் நாய் பக்கத்தில் இருக்கும்போதே 'ஓடியா' என்று ஒரே ஒரு முறை சொல்லி, உடனே பட்டாணி அளவு கோழித்துண்டு ஒன்றைக் கொடுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்ததாக இருக்கட்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புக்கறி நாய்க்கு ஆகாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போதும். பிறகு பக்கத்து அறையிலிருந்து, பிறகு வாசலிலிருந்து கூப்பிடுங்கள். அது தவறாமல் வரத் தொடங்கிய பிறகுதான் மைதானம்.

மைதானத்தில் 10 மீட்டர் கயிறு வேண்டும். கயிற்றைக் கழுத்து பெல்ட்டில் மாட்டாமல், நெஞ்சையும் முதுகையும் சுற்றிக் கட்டும் பட்டையான ஹார்னெஸில் மாட்டுங்கள். வேட்டை நாய் எடுத்த எடுப்பில் வேகம் பிடிக்கும். பெல்ட்டில் மாட்டியிருந்தால், கயிறு தீரும் இடத்தில் மொத்த உலுக்கலும் கழுத்தில்தான் விழும். பூனையைத் துரத்திக்கொண்டிருக்கும் நாயைக் கூப்பிடாதீர்கள், புதுச்சொல்லும் வீணாகும். ஐந்து முறை கூப்பிட்டால் நாலு முறை தின்னக் கொடுத்துவிட்டுத் திரும்ப விளையாட விடுங்கள். வந்தால் ஆட்டம் முடிந்தது என்று கணக்குப் போட்ட நாய் வராது.

லாப்ரடார், 5 வயது, 32 கிலோ. நான் 44 கிலோ. வாக்கிங்கில் அதுதான் என்னைக் கூட்டிப்போகிறது.

பலத்தால் நீங்கள் ஜெயிக்க முடியாது, முயலவும் வேண்டாம். நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னெஸ் வாங்குங்கள். இழுத்தால் நாய் பக்கவாட்டில் திரும்பிவிடும், பாரம் குறையும். கயிறு 6 அடி. அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் முறியும்.

கயிறு விறைத்த நொடியில் நில்லுங்கள். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்ததும் நடங்கள், தொடையோரம் வரும்போது ஒரு கோழித்துண்டு கொடுங்கள். முதல் வாரம் தெருமுனைகூடப் போய்ச்சேர மாட்டீர்கள், பரவாயில்லை. காரியம் கெடுவது வேறு இடத்தில்: காலையில் நீங்கள் நிற்பீர்கள், மாலையில் அண்ணன் இழுபட்டுக்கொண்டே போவார். அவருக்கு அவசரம் என்றால் பழைய பெல்ட்டை மாட்டட்டும். எந்தப் பட்டைக்கு எந்தச் சட்டம் என்று நாய் பிரித்துப் பழகிக்கொள்ளும்.

7 வயது நாட்டு நாய். இரண்டு வாரமாக சோபாவிலிருந்து இறக்கப் போனால் உறுமுகிறது. முன்பு அப்படி இல்லை.

பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று மாறிய நாய்க்குப் பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது: காதுப்புண், பல், இடுப்பு மூட்டு, உண்ணிக் காய்ச்சல். ஈறு வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உறுமலுக்கு அடிக்காதீர்கள். உறுமல் அது கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். பெல்ட்டைப் பிடித்து இழுக்காமல், இரண்டடி தள்ளித் தரையில் கோழித்துண்டைப் போட்டு அதுவாக இறங்க விடுங்கள்.

சாப்பிடும்போது குரைத்துக் கேட்கிறது. கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தோம், இன்னும் அதிகமாகிவிட்டது.

வழி சரிதான். இதுவரை பலித்த தந்திரம் பலிக்காமல் போனால், விடுவதற்கு முன் நாய் இன்னும் உரக்க முயன்று பார்க்கும். அந்த நேரம் பார்த்துப் பாட்டி மனமிரங்கி ஒரு இட்லி வைத்தால், இன்னும் நீட்டிக் குரைத்தால் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும். பாட்டியை மாற்றுவது நாயை மாற்றுவதைவிடக் கஷ்டம் என்பதால், சாப்பாட்டு நேரத்தில் நாயை வேறு அறையில், கடித்து மெல்ல ஏதாவது கொடுத்து விடுங்கள்.

இந்த வயதில் புதிதாகக் கற்குமா?

கற்கும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. கொடுக்கும் தீனியை வழக்கமான சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள்.

நாயை மல்லாத்தி அமுக்கிப் பிடித்தால் அடங்கும் என்று வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் முகம் அதன் வாய்க்கு நேரே இருக்கும். அமுக்கியதும் அசையாமல் கிடப்பது பெரும்பாலும் பயத்தில்தான். அப்படிப் பயந்த நாய் உங்கள் கையைக் கண்டாலே ஒதுங்கும், அதற்குப் பிறகு எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஏற்கெனவே செய்து பல் பட்டிருந்தால், லேசான சிராய்ப்பானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். திட்டு விழும் என்று மறைக்காமல் வீட்டில் சொல்லி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி போட்ட நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிட வேண்டாம், போகும்போது அதன் தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப்போங்கள்.