தேயிலை விலை குறைந்தபோது அமெரிக்காவின் பாஸ்டன் நகர மக்கள் ஏன் அதைக் கடலில் கொட்டினார்கள்?

நல்ல கேள்வி. 1773 தேயிலைச் சட்டத்தால் விலை ஏறவில்லை, இறங்கியது. அப்புறம் ஏன் கோபம்?

கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கடனில் தத்தளித்தது. லண்டன் கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற, அதுவே தன் முகவர்கள் மூலம் பிரிட்டன் ஆண்ட அமெரிக்கக் குடியேற்றங்களில் நேரடியாக விற்கலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அனுமதித்தது. ஆனால் ராத்தலுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரியை மட்டும் எடுக்கவில்லை. அந்த நாடாளுமன்றத்தில் குடியேற்றக்காரர்களுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. மலிவுத் தேயிலையை வாங்கினால், தங்களைக் கேட்காமல் வரி போடும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தார்கள். உள்ளூர் வணிகர்களுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்பு போகும் என்பதும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை.

பலரும் கவனிக்காத விஷயம் சுங்கக் கெடு. தேயிலை ஏற்றிய டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28 அன்று பாஸ்டனுக்கு வந்தது. 20 நாட்களுக்குள் வரி கட்டாவிட்டால் சரக்கு பறிமுதல். கப்பலைத் திருப்பி அனுப்பத்தான் மக்கள் முதலில் கேட்டார்கள். ஆளுநர் ஹட்சின்சன் மறுத்தார். தேயிலை முகவர்களில் அவருடைய மகன்களும் இருந்தார்கள். கெடு முடியும் தறுவாயில், டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போனது.

என்னைக் கேட்டால், அமெரிக்கப் புரட்சியை மூட்டியது அந்த இரவைவிட அதற்குக் கிடைத்த தண்டனைதான். 1774-இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சியையும் பறித்தார்கள். நாளை நமக்கும் இதே கதி என்று மற்ற குடியேற்றங்களுக்குப் புரிந்தது. செப்டம்பரிலேயே 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் ஃபிலடெல்ஃபியாவில் கூடிவிட்டார்கள். 1775 ஏப்ரலில் போர், 1776 ஜூலை 4 அன்று சுதந்திரப் பிரகடனம். பிரிட்டன் அதை ஒப்புக்கொண்டது 1783 பாரிஸ் உடன்படிக்கையில்தான்.